செல்லக்கனி குத்திய சீட்டு

பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா, அழமாட்டாள். யாரிடமும் போவாள். அதுதான் அவளிடம் இருக்கிற நல்ல குணம். கெட்ட குணமும் அதுதான் என்பார் அவள் அப்பா. பேர் இவாஞ்சலின். இவா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். நடுக்கமா? சேச்சே, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் வருவது. பயமெல்லாம் கிடையாது. நான் எதற்குப் பயப்பட வேண்டும்? பயப்பட வேண்டியவர்கள் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் மகளுடைய சான்றிதழில் இனிஷியல் திருத்த வந்திருப்பதாகச் சொன்னீர்கள். நான் விசாரணைக்கு வந்திருக்கிறேன். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், திருட்டு கிருட்டு ஒன்றும் இல்லை. உள்ளே கூப்பிடுவார்கள். நான் போய், 'ஆமாம் சார், அந்தச் சீட்டையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நானே குத்தினேன்' என்று சொன்னால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். வேலையும் தங்கும், முனைவர் பட்டத்துக்குப் பதிந்ததும் தங்கும். 'இல்லை' என்று சொன்னால் இரண்டும் போகும். அவ்வளவுதான் விஷயம். ஆமாமா, இல்லையா. எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்.

எந்தச் சீட்டு என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். இவா அப்பா பைக்கை நிழலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார், தெரிந்தவர் யாராவது டீக்கடையில் பிடித்திருப்பார்கள். அவர் வருகிறவரை பேசலாம். வந்துவிட்டால் பேச விடமாட்டார். கோபம் எல்லாம் இல்லை, நான் உளறிவிடுவேன் என்று ஒரு கவலை.

இந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்தல் ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. அரசியல் அறிவியல் துறைக்குப் பின்னால், கேண்டீனை ஒட்டி. தேர்தலுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய், யாருக்கு ஓட்டுப் போடப் போகிறீர்கள் என்று கேட்டு, கூட்டிக் கழித்து, இன்னார் ஜெயிப்பார் என்று சொல்கிற மையம். தலைவர் பேராசிரியர் திருமலைக்கொழுந்து. நாங்கள் கொழுந்து சார் என்போம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவர் கணிப்பு இதுவரை பொய்த்ததில்லை என்று அவரே சொல்வார். முதல் நாள் பயிற்சியில் எங்களிடம், "மக்கள் பொய் சொல்ல மாட்டாங்கம்மா. நாம கேக்கிற விதத்துலதான் பொய் வரும்" என்றார். நான் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். கான்வென்ட்டில் படித்த பழக்கம், நல்ல வார்த்தை காதில் விழுந்தால் அடிக்கோடு போட்டுவிடுவேன்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். வீட்டுக் கதவைத் திறக்கிற ஆளிடம் கேட்கக் கூடாது. அந்த வீட்டில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்ததோ அவரிடம்தான் கேட்க வேண்டும். இல்லையென்றால் எல்லா வீட்டிலும் ஆம்பிளைதான் வந்து பதில் சொல்வான் என்றார். எவ்வளவு சரியான பேச்சு! எனக்குக் கொடுத்த ஊர் ஊத்துப்பொட்டல். அங்கே போய்ப் பிறந்தநாள் கேட்டால் தெரு முழுக்க ஜூன் மாதம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. "பொறந்த நாளா? நான் பொறந்தன்னைக்கு எங்க வீட்டு எருமை செத்துச்சாம், அதை எழுதிக்கோ" என்றாள் ஒருத்தி. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்தத் தமிழ் மாசம் என்று கேட்டேன். ஆடி, ஐப்பசி, தை என்று டாண் டாண் என்று வந்தது. நான் போன வீடுகளில் நிறையப் பெண்கள் அகப்பட்டார்கள்.

அகப்பட்டு என்ன? "அவ என்னத்தச் சொல்லப்போறா, எழுதிக்கோங்க, தராசு" என்பார் வீட்டுக்காரர். ஊத்துப்பொட்டலில் நான் போன தெரு மொத்தமும் தராசுச் சின்னம். கோயில் முன்னால் கூட்டம் போட்டு முடிவு செய்துவிட்டார்கள். தராசுக்காரர் தெருவுக்குச் சமுதாயக் கூடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு ஓட்டுச் சிதறாமல் போடுகிறோம் என்று இவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். எதிரில் நிற்பது குடை. குடைக்காரர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கேதான் இவா வருகிறாள். இவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அம்மா தூத்துக்குடியில். மாமியாருக்கு முழங்கால் வலி. இவா அப்பாவுக்கு ஆபீஸ். அதனால் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பை என்று அலைந்தேன். கூட வந்த பையன்கள், "அக்கா, புள்ளையையும் சர்வே எடுக்கக் கூட்டிட்டு வந்துட்டீங்களா" என்று சிரித்தார்கள். வெயிலில் இவள் கத்துவாள். கத்தினால் எந்த வீட்டுப் பெண்ணும் சும்மா நிற்கமாட்டாள். "ஏளா, புள்ளைக்குப் பசிக்கி, உள்ள வா, வந்து பாலைக் கொடு" என்று கையைப் பிடித்து இழுத்து உள் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுவாள். பால் கொடுக்கிற இடத்துக்கு எந்த ஆம்பிளை வருவான்? வாசலிலேயே நின்றுவிடுவார்கள். உள்ளே நான், இவா, அந்தப் பெண். மூன்றே பேர்.

கேள்வி கேட்பேன், பதில் சொல்வார்கள். கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டாம். மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று கொடுப்போம், சின்னங்கள் அச்சடித்தது. கூடவே ஒரு ரப்பர் முத்திரை, மைத்திண்டு. குத்தி, மடித்து, பூட்டின தகரப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். சாவி மையத்தில் இருக்கும். முத்திரையைக் கையில் வாங்கும்போது அவர்கள் முகம் மாறுவதை நீங்கள் பார்க்கணும் அக்கா. "பட்டனை அமுக்குததுல என்ன இருக்கு, இதுல்லா ஓட்டு" என்றாள் ஒரு அம்மா.

செல்லக்கனி என்று ஒருத்தி. பீடி சுற்றுகிறவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். அவள் வீட்டுக்காரர் தங்கமாரி, அந்தத் தெருக்கூட்டத்தில் முன்னால் நின்று வாக்குக் கொடுத்தவர். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பாதிப்பதை வீட்டில் கொடுப்பார். செல்லக்கனி முத்திரையை வாங்கி ஊதிப் பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாதுல்லா?"

"தெரியாதுக்கா."

"ஒனக்கு?"

"எனக்கும் தெரியாது."

"அப்பம் சரி. அந்தாப்புல திரும்பி இரு."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து இவளுக்குப் பால் கொடுத்தேன். பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். பீடி சுற்றுகிறவள் கை, அவ்வளவு அழுத்தம். பிறகு பெட்டிக்குள் சீட்டு விழுகிற சத்தம். பிறகு அவள் சிரிக்கிற சத்தம். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் திரும்பவில்லை அக்கா. யாரிடமும் சத்தியம் செய்து சொல்வேன், ஒரு வீட்டிலும் நான் திரும்பவில்லை.

பெட்டியை மையத்தில் திறந்தார்கள். கொழுந்து சார் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா ஜெனிட்டா, ஊத்துப்பொட்டல்ல பொம்பளைங்க பாதிக்கு மேல குடைங்கிறே. அங்கே தெருக்கூட்டம் போட்டுத் தராசுன்னு முடிவாயிருச்சே, பேப்பர்லகூட வந்துதே."

"சார், தெருக்கூட்டத்துல பொம்பளைங்களே கிடையாது சார்."

"அதனாலென்ன?"

அதனாலென்ன என்கிறார்! பிறந்தநாள் முறையைச் சொல்லிக்கொடுத்த அதே வாய். மற்ற பையன்கள் கொண்டுவந்ததில் எல்லாம் பெண்களும் தராசு, ஆண்களும் தராசு. அவர்கள் வாசலில் வைத்துக் கேட்டார்கள், வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கக் கேட்டார்கள். அதுதான் வித்தியாசம் சார் என்றேன். "அப்போ ஒரு கைக்குழந்தையை வச்சிருந்தாத்தான் உண்மை வரும்னு நான் ரிப்போர்ட்ல எழுதவா?" என்றார். பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். மரியாதைக்குச் சிரிப்போமே, அது.

சந்தேகம் வந்தால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. படிவத்தில் போன் நம்பர் எழுதியிருப்போம், சிலரைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தார்களா என்று கேட்பார்கள். அது முறைதான். ஆனால் அக்கா, அந்தப் பெண்களிடம் ஏது போன்? நம்பர் கேட்டால் எல்லாரும் வீட்டுக்காரர் நம்பரைத்தான் சொன்னார்கள். நானும் அழகாக, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதிவைத்தேன். மையத்திலிருந்து கூப்பிட்டது சபரிராஜ் என்று ஒரு ஆராய்ச்சி மாணவன். வந்தார்களா என்று மட்டும்தான் கேட்க வேண்டும். அவன் என்ன கேட்டான் தெரியுமா? "உங்க மனைவி குடைக்குப் போடப்போறதாக் குத்தியிருக்காங்க, சரிதானா சார்?"

ஆமாம். தங்கமாரியிடம்.

சீட்டுக்குப் பின்னால் படிவத்தின் எண் இருக்கும். பொடி எழுத்தில். மையத்தில் பொருத்திப் பார்ப்பதற்காக. எங்களுக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். யாருடையது என்று யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள். சபரிராஜும் அந்தப் பயிற்சியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

தங்கமாரி என்ன சொல்வார்? "எவ சொன்னா? எங்க வீட்ல எல்லாம் தராசு. அந்தப் பொம்பளை புள்ளைக்குப் பால் கொடுக்கத்தான் உள்ள போனா, பதிலெல்லாம் நான் சொன்னேன்." இதே மாதிரி கூப்பிட்ட எல்லா வீட்டிலும். ஆக, என் படிவங்கள் எல்லாம் பொய். முத்திரை எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதாம். முத்திரை ஒரே மாதிரித்தானே அக்கா இருக்கும்? பேனாவால் குறி போட்டிருந்தால் கைக்குக் கை வித்தியாசம் தெரியும். ரப்பருக்கு ஏது கை?

இதோடு போயிருந்தால் நானும் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். ஊத்துப்பொட்டலில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. கொடுத்த வாக்கு என்ன ஆவது, சமுதாயக் கூடம் என்ன ஆவது என்று ஆம்பிளைகள் மறுபடி கூடியிருக்கிறார்கள். வீட்டுப் பெண்களைக் கோயிலுக்கு வரச்சொல்லி, சூடம் கொளுத்தி, 'நான் குடையில் குத்தவில்லை' என்று அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் நிற்க வைத்து. எங்களிடம் வந்து கருத்துக் கேளுங்கள் என்றா கேட்டார்கள் அந்தப் பெண்கள்? நாங்களாகப் போனோம். நாங்களாகக் கதவைத் தட்டினோம்.

எனக்கு இது தெரியவந்ததும் இவா அப்பாவிடம், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றார். சரி என்றேன். மறுநாள் இவளுக்குத் தடுப்பூசி என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறிவிட்டேன். பொய்தான். ஆனால் ஊசியும் போட்டேன், திரும்பி வரும்போது. அதனால் பாதிப் பொய்.

செல்லக்கனி வீட்டு வாசலில் கால் வைக்கவே பயமாக இருந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "புள்ள மெலிஞ்சிட்டே, ஒனக்குப் பால் ஊறலியா" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, சத்தியம் பண்ணச் சொன்னாங்களாமே."

"பண்ணச் சொன்னாவ."

"பண்ணீங்களா?"

"அவளுவ எல்லாம் பண்ணாளுவ. பாவம், என்ன செய்வாளுவ. நான் பண்ணல. குத்தினேன்னு சொல்லிட்டேன்."

"ஐயோ, ஏங்க்கா?"

"ஏன்னா குத்தினேன்."

வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவுஹ கோவத்துல வீட்டுல சாப்புடுததில்ல. கடையில புரோட்டா தின்னுட்டு வாராவ. தின்னட்டும், எனக்கும் அடுப்பு மிச்சம்" என்று சிரித்தாள். ஆனால் பீடிக் கடைக்கு இலை வாங்கப் போகக் கூடாது, மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார். மற்ற பெண்கள் அவளோடு பேசுவதில்லை. அவர்கள் செய்த சத்தியம் பொய் என்று இவள் ஒருத்தி நிற்பதே காட்டிக்கொடுக்கிறதில்லையா, அந்தப் பயம். ஒற்றை ஆளாக நிற்கிறாள் அக்கா.

நான் சொன்னேன், "அக்கா, நானே எல்லாத்தையும் வீட்டுல உக்காந்து குத்தினேன்னு யுனிவர்சிட்டியில சொல்லிடறேன். அங்கேயும் அதைத்தான் சொல்லச் சொல்றாங்க. அதோட உங்க பிரச்சினையும் தீர்ந்துரும்." நல்ல மனதோடுதான் சொன்னேன். எனக்கும் வேலை தங்கும், அவளுக்கும் வீடு சரியாகும்.

மிச்சமிருந்த இலையை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நான் குத்தினதை நீ குத்தினேன்னு சொல்லுவியாக்கும்? நீ யாருட்டி அதைச் சொல்லுததுக்கு?"

நான் இவளை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"குடைக்காரன் பெரிய உத்தமன்னா நெனச்ச? அவன் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் ஓட்டையும் சேத்து அங்க கொண்டு கொடுத்துட்டு வந்துட்டாவ. அதுக்குக் குத்தினேன். பொறந்ததுலேருந்து ஒரு தடவ எங்கிட்ட வந்து ஒருத்தி கேட்டா, நான் பதில் சொன்னேன். அதையும் இல்லன்னு ஆக்கப்போறியா?"

அவ்வளவுதான் பேசினாள். பிறகு காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

வீட்டுக்கு வந்து இவா அப்பாவிடம் சொன்னேன். தடுப்பூசி விஷயத்துக்குக் கொஞ்சம் கோபப்பட்டார். அப்புறம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவருக்கு எப்போதும் பொறுமை உண்டு. "ஜெனி, தெருவுல எல்லாரும் இல்லைன்னு சத்தியம் பண்ணியாச்சு. நீயும் நான்தான் குத்தினேன்னு சொன்னா எல்லாம் ஒண்ணாப் பொருந்திரும். ஒரே ஒருத்தி வீம்புக்காக நீ ஏன் அழியணும்? அவளுக்கும் இதுதான் நல்லது, அவளுக்குத் தெரியலை." யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. அவர் பேசினால் எல்லாம் நியாயமாகத்தான் படும். எங்கள் வீட்டில் எதையும் கலந்து பேசித்தான் முடிவு எடுப்போம். கலந்து பேசி என்றால், அவர் பேசுவார், எனக்கும் அதுவே சரியென்று படும். நாங்கள் அந்தத் தங்கமாரி வீடு மாதிரி இல்லை. படித்த குடும்பம்.

ஓட்டா? இந்தத் தேர்தலிலா? போட்டேன் அக்கா, இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். யாருக்கு என்று சொல்லக் கூடாது. அவருக்குத் தெரியும், அது வேறு.

இந்த விசாரணைக் கடிதம்கூட முதலில் அவர் போனுக்குத்தான் வந்தது. இங்கே சேரும்போது நம்பர் கேட்டார்கள், அவர் நம்பரைக் கொடுத்திருந்தேன். நான் போனை அங்கே இங்கே வைத்துவிட்டு மறந்துவிடுவேன் என்று. என்றைக்கு வருகிறோம் என்று பதிலும் அவரே போட்டார். இந்தச் சேலையும் அவர் எடுத்து வைத்ததுதான், பாவமாகத் தெரிகிற கலர் வேண்டும் என்று. சிரிக்காதீர்கள் அக்கா, நிஜமாகவே அப்படித்தான் சொன்னார்.

நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. உள்ளே போனதும், யார் எதில் குத்தினார்கள் என்று நான் பார்க்கவில்லை சார் என்பேன். அது உண்மை, சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் சத்தியம் செய்த பெண்களுக்கு என்னால் ஒரு கெடுதலும் வராது. ஆனால் நான் குத்தவில்லை சார் என்பேன். அதுவும் உண்மை. ஒருத்தர் பேரும் என் வாயிலிருந்து வராது. சபரிராஜ் போனில் சொன்னது பற்றி நான்தான் புகார் கொடுக்கப் போகிறேன் என்பேன். எனக்கு என்ன ஆகும்? வேலை போகும். போகட்டும். பட்டம் போகும்... அது போனால் கஷ்டம்தான். நாலு வருஷம் அக்கா. இவள் வயிற்றில் இருக்கும்போதும் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

சொல்வேனா என்று கேட்கிறீர்களா? சொல்வேன். சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். இவா அப்பா பக்கத்தில் இருந்தால் கொஞ்சம்... அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை மாறிவிடும். ஆனால் அவர் உள்ளே வரமாட்டார், விசாரணை எனக்குத்தானே.

ஆபீஸ் அண்ணாச்சி கூப்பிடுகிறார் அக்கா. என்ன அண்ணாச்சி? என் முறையா? இதோ வருகிறேன். அவர் மட்டும் இன்னும் வரவில்லை, பைக்கை விடப் போனார்.

என்னது?

உள்ளேயா? எப்போது போனார்? நாங்கள் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பக்கத்து வாசல் வழியாகவா?

கேட்டீர்களா அக்கா, அண்ணாச்சி சொன்னதை. "ஒங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் நல்லபடியாப் பேசி முடிச்சுட்டாரும்மா. நீங்க போயி ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வீட்டுக்குக் கிளம்பிரலாம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை.

இல்லை, ஒன்றுமில்லை. இருங்கள், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கிறேன். அவர் நல்லவர் அக்கா. நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பாதிப்பதை வீட்டில்...

இதை நான் யாரைப் பற்றியோ சொன்னேன். இப்போதுதான் சொன்னேன், உங்களிடம்.

இதோ வருகிறார். என்னங்க, உள்ளே என்ன சொன்னீங்க? அக்கா இருக்கட்டும், அவங்க முன்னாலேயே சொல்லுங்க, பரவாயில்லை. என்ன சொன்னீங்க?

'பிரசவத்துக்கு அப்புறம் அவளுக்கு மனசு ஒரு நிலையில இல்லை, என்ன பண்றோம்னு தெரியாமப் பண்ணிட்டா.' அப்படிச் சொன்னீங்களா?

நான் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசுகிறேன். மனசு நிலையில் இல்லாதவள் பால் கொடுத்துக்கொண்டே ஊத்துப்பொட்டல் முழுக்க நடந்தாளா? நீங்க சொன்னது எனக்கு நல்லதுக்குத்தான், தெரியும். எல்லாரும் எல்லாருக்கும் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. கொழுந்து சாரும், நீங்களும், அந்தத் தெருக்காரங்களும். நானும்தான், செல்லக்கனி அக்காகிட்ட போய் அதையேதான் சொன்னேன். நல்ல வேளை, அவ கத்தரியைக் கீழே வச்சுட்டுப் பேசினா.

அக்கா, இவளைக் கொடுங்கள். ஏங்க, பிடிங்க. முதுகுக்குக் கை கொடுத்துப் பிடிங்க, ஆ, அப்படி. அழுதாள்னா இந்த வராண்டாவுல அந்தக் கோடி வரைக்கும் நடங்க, நிப்பாள். இல்லை, நீங்க கூட வரவேண்டாம். நான் உளறினால் உளறிவிட்டுப் போகிறேன். என் உளறல்.

முதலில் நடுக்கமா என்று கேட்டீர்களே அக்கா. ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது. நடக்க முடிகிற அளவுதான்.

நான் உள்ளே போனதும் இவர் உங்கள் பக்கத்தில்தான் உட்காருவார். இவர் காதிலும் விழட்டும், அதனால்தான் இங்கேயே சொல்கிறேன். அவ என்ன சொன்னா, என்ன முடிவு பண்ணியிருக்கா என்று உங்களைக் கேட்பார். நீங்கள் எனக்காகப் பதில் சொல்லிவிடாதீர்கள் அக்கா. நான் சொல்லிவிட்டு வருகிறேன்.